பிணைக்குப் போட்ட கையெழுத்து: தோட்டத்துக் கடன்களும் குடியியல் பொறுப்பும்

பதிவுத் தபாலில் வந்த கடிதத்தை முதலில் பிரித்தது என் மனைவி. கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அதில் அவருக்குப் புரிந்தவை இரண்டுதான்: என் பெயர், 280,000 ரூபா என்ற தொகை. நான் பாடசாலையிலிருந்து வரும்வரை அதை அடுப்படித் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அன்று மாலை பசறை வீதியில் இருக்கும் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் அதைக் கொடுத்து வாசித்துக் கேட்டேன். மூன்று வருடங்களுக்கு முன் என் சித்தப்பா மகன் லீசிங்கில் ஓட்டோ எடுத்தபோது பிணைக்குக் கையெழுத்துப் போட்ட இருவரில் நானும் ஒருவன். தவணை கட்டாததால் கம்பனி ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டது. விற்ற காசு போதவில்லை. மிச்சத்தைப் பிணையாளர்கள் கட்ட வேண்டும் என்று கடிதம் கேட்டது.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணே, ஓட்டோதான் போயிருச்சே, இன்னும் என்னத்துக்குக் கடன்?" என்றான். அதற்கு முதல் கிழமை வீட்டுக்கு வந்த வசூல்காரர் அவனிடம், பணம் வராவிட்டால் பிணை வைத்தவர்களைப் பொலிஸ் வந்து பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். அவன் நினைத்ததும் பிழை, வசூல்காரர் சொன்னதும் பிழை. இந்த இரண்டு பிழைகளும் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் உலாவுகின்றன. அடுத்த சில மாதங்கள் சட்டத்தரணிகளிடமும் மத்தியஸ்த சபையிலும் அலைந்து நான் அறிந்துகொண்டதை, இனிமேல் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

காணி இல்லாதவர் கொடுக்கும் ஈடு

கடன் கொடுப்பவர் பணம் திரும்பி வரும் என்பதற்கு ஓர் உறுதி கேட்பார். எங்கள் சட்டத்தில் அதற்குப் பழைய வழிகள் மூன்று உண்டு. காணியை ஈடு வைப்பது ஒன்று. நகை போன்ற அசையும் பொருளை அடகு வைப்பது இன்னொன்று. மூன்றாவது, வேறொருவர் 'அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்' என்று பொறுப்பேற்கும் பிணை.

பதுளை நகரத்தில் கடை வைத்திருப்பவர் காணி உறுதியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகலாம். ஸ்பிரிங்வெளியிலோ நமுனுகுலையிலோ லயத்தில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானது. 1992 இல் தொடங்கிய தனியார்மயமாக்கலுக்குப் பின் அது பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் குத்தகையாக இருக்கிறது. நாலு தலைமுறையாகக் குடியிருக்கும் காம்பறாவுக்கும் உறுதி கிடையாது. 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்த குடும்பங்கள் உண்டு என்றாலும் பெரும்பாலானோருக்கு அது இன்னும் எட்டவில்லை. ஊழியர் சேமலாப நிதியில் உள்ள மீதியைக் காட்டி வீட்டுக் கடன் பெறச் சட்டத்தில் இடமிருந்தாலும், வீடு கட்டக் காணி வேண்டும் என்ற இடத்தில் அதுவும் நின்றுவிடுகிறது.

நகை இருக்கும்வரை அடகுக் கடை இருக்கிறது. அதுவும் தீர்ந்தால் மிஞ்சுவது மனிதர்கள்தான். அதனால்தான் தோட்டத்தில் யாருக்காவது அரச வேலை கிடைத்துவிட்டால் அவருடைய கையெழுத்தே ஊருக்குச் சொத்தாகிவிடுகிறது. ஆசிரியர், தபால் ஊழியர், ஆஸ்பத்திரி ஊழியர் எல்லோர் வீட்டுக்கும் உறவினர்கள் படிவத்தோடு வருவார்கள். இல்லை என்று சொல்வது கஷ்டம். நானும் சொல்லவில்லை.

துண்டு முதல் குழுக்கடன் வரை

வசூல்காரரின் பொலிஸ் மிரட்டல் தோட்டத்தில் எடுபடுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைத் தண்டம் விதித்தோ சிறையிலடைத்தோ தண்டிக்க முடிந்தது. ஒப்பந்தத்தை மீறுவதே அன்று குற்றமாக இருந்தது.

அதோடு சேர்ந்து இயங்கியது துண்டு முறை. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் தாள்தான் துண்டு. புதிய தோட்டம் முற்பணம் கொடுத்துப் பழைய கடனைத் தீர்க்கும். கடன் தீராது; தொழிலாளியோடு சேர்ந்து புதிய தோட்டத்துக்கு இடம் மாறும். கங்காணியின் கணக்கில் அவருடைய ஆட்கள் எல்லோரின் கடனும் ஒன்றாகக் கட்டப்பட்டுக் கிடந்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டைத் தடை செய்தது. வேலையை விட்டுப் போனதற்காகச் சிறை என்ற ஏற்பாடும் 1920களின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளரை விட்டு நீங்கியது.

சட்டம் போனாலும் பயம் போகவில்லை. ஒருவரின் கடனுக்கு அவரோடு வாழ்பவர்கள் எல்லோரையும் கட்டிப்போடும் வழக்கமும் போகவில்லை. நுண்நிதி நிறுவனங்களின் குழுக்கடனில் ஒரு பெண் தவணை கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் சேர்ந்து கட்டும்வரை கூட்டம் கலைவதில்லை. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி நுண்கடனால் பெண்கள் படும் துன்பத்தைத் தம் அறிக்கையில் எழுதினார். 2021 மார்ச்சில் பொலன்னறுவை ஹிங்குரக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் கேட்டவை எங்கள் தோட்டத்துப் பெண்களின் கேள்விகளும்தான்.

கட்ட முடியாமை குற்றமல்ல

இன்றைய நிலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடன் ஒப்பந்தத்தை மீறுவதால் வருவது குடியியல் பொறுப்பு. கடன் கொடுத்தவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், தீர்ப்புப் பெறலாம், சொத்து இருந்தால் நீதிமன்றத்தின் மூலம் கைப்பற்றி விற்கலாம். தவணை தவறியதற்காகப் பொலிஸார் வந்து பிடிக்க முடியாது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்புரை, ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற முடியாமை என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையில் அடைக்கக்கூடாது என்கிறது. இலங்கை 1980 இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. சிலர் கடனுக்கு உறுதியாகத் திகதியிடாத காசோலை கேட்பார்கள். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தே நேர்மையீனமாகக் காசோலை எழுதுவதை 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பிணைப் படிவத்தில் கையெழுத்திடுவது வேறு, வெற்றுக் காசோலை எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்தவர் குடியியல் விவகாரத்தைக் குற்றவியல் பக்கம் தள்ளும் ஆயுதத்தைத் தன் கையாலேயே கொடுத்துவிடுகிறார்.

பிணையாளருக்குச் சட்டம் தருவதும் படிவம் பறிப்பதும்

பிணை எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொருவரின் கடனுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கும் வாக்குறுதி எழுத்தில், கையெழுத்தோடு இருந்தாலொழிய அதை நீதிமன்றத்தில் செயற்படுத்த முடியாது என்கிறது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு. கூட்டத்தில் கைதூக்கியதோ, 'நான் பார்த்துக்கிறேன்' என்று வாயால் சொன்னதோ பிணை ஆகாது. குழுக்கடன் எடுத்த பெண்கள் தாம் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது இதனால் முக்கியம்.

பிணை ஒரு சார்புப் பொறுப்பு. மூலக் கடன் இல்லாவிட்டால் பிணையும் இல்லை. கடன்காரர் கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகப் பிணையாளர் கட்ட வேண்டியதில்லை. மூலக் கடன் தீர்ந்த இடத்தில் பிணையும் தீரும்.

இந்த விடயத்தில் எங்களுடைய பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். அது பிணையாளருக்கு மூன்று சலுகைகளைத் தருகிறது. முதலில் கடன்பட்டவரின் சொத்தைத் தேடிப் பார்த்து, அதில் கிடைக்காததற்கு மட்டும் என்னிடம் வாருங்கள் என்று சொல்லும் உரிமை முதலாவது. பிணையாளர் பலர் இருந்தால் என் பங்கை மட்டும் கேளுங்கள் என்று சொல்லும் உரிமை இரண்டாவது. நான் பணம் கட்டினால் கடன்காரருக்கு எதிராக உங்களுக்கு இருந்த உரிமைகளையும் ஈடுகளையும் என் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்கும் உரிமை மூன்றாவது.

இந்தச் சலுகைகளைப் பிணையாளர் விட்டுக்கொடுக்கலாம். அச்சடித்த படிவங்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்ய வைக்கின்றன. நான் கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம். பிணையாளர் தமக்குரிய எல்லாச் சலுகைகளையும் துறப்பதாகவும், கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்பதாகவும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று அதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்பதன் கணக்கு இது. மிச்சக் கடன் 280,000 ரூபா. பிணையாளர் இருவர். பங்கு பிரிக்கும் சலுகை கைவசம் இருந்தால் என்னிடம் 140,000 ரூபாவைத்தான் கேட்கலாம். அதைத் துறந்துவிட்டதால் முழுத் தொகையையும் என் ஒருவனிடமே கேட்கலாம். மாதச் சம்பளம் வாங்குபவன் நான். மற்றவர் மேசன் வேலை செய்பவர். யாரைத் தேடி வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முழுவதையும் கட்டிய பிறகு மற்றவரிடம் அவர் பங்கையும் தம்பியிடம் முழுவதையும் கேட்கும் உரிமை எனக்கு உண்டு. ஆனால் அலைச்சல் என்னுடையது.

ஓட்டோ போன பிறகும் கடன் நிற்பதற்குக் காரணம், வாகனமும் பிணையும் ஒரே கடனுக்கு இரண்டு உறுதிகள் என்பதுதான். லீசிங்கில் தவணை முடியும்வரை வாகனத்தின் சொந்தக்காரர் கம்பனிதான். 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இந்த உறவை ஒழுங்குபடுத்துகிறது. விற்ற பணம் கடனிலிருந்து கழியும். போதாத தொகைக்குப் பொறுப்பு தொடரும். அதனால் கேட்க வேண்டியது, வாகனம் என்ன விலைக்கு, எப்படி விற்கப்பட்டது, அந்தத் தொகை எந்தத் திகதியில் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதை. கூற்றை எழுத்தில் கேட்டபோது, என் விடயத்தில் தொகை கணிசமாகக் குறைந்தது.

அடகும் ஈடும்

நகை அடகில் ஒரு பழைய விதி நினைவில் இருக்க வேண்டும். திருப்பாவிட்டால் பொருள் அப்படியே கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகிவிடும் என்று எழுதிக்கொள்வதை உரோமன் டச்சுச் சட்டம் ஏற்பதில்லை. ஏலத்தில் விற்றுக் கடனும் வட்டியும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது அடகு வைத்தவருடையது. நகை ஏலம் போய்விட்டது என்று கேட்டவுடன் திரும்பி வந்துவிடாமல், மிச்சம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

காணி ஈடு நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். சில வட்டிக்காரர்கள் ஈட்டுக்குப் பதிலாக, பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவதாகச் சொல்லிக் காணியைக் கைமாற்றி எழுதிக்கொள்வார்கள். அத்தகைய நிபந்தனைக் கைமாற்றங்களுக்கும் ஈடுகளுக்கும் 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கடன் இணக்கச் சபை இருக்கிறது. தவணைக்காலம் முடியும் முன்பே அங்கே போக வேண்டும்.

பிறர் கடனுக்குத் தன் காணியை ஈடு வைப்பவர்களுக்கு ராமச்சந்திரன் எதிர் ஹட்டன் நேஷனல் வங்கி வழக்கு முக்கியமானது. 2006 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் பதிவான அத்தீர்ப்பில், நீதிமன்றம் போகாமல் வங்கியே ஏலம் போடும் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்து அதிகாரத்தைக் கடன்பட்டவர் தானே ஈடு வைத்த சொத்தின் மேல்தான் பயன்படுத்தலாம், மூன்றாம் ஆளின் சொத்தின் மேல் அல்ல என்று உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை சொன்னது. பொறுப்பு இல்லாமல் போகவில்லை. வங்கி வழக்குப் போட்டுத்தான் வர வேண்டும்.

எதைக் கைப்பற்றலாம், எதைத் தொட முடியாது

தீர்ப்பு வந்த பிறகும் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218 ஆம் பிரிவு சிலவற்றைப் பாதுகாக்கிறது. அணியத் தேவையான உடைகள், படுக்கை, தொழிற் கருவிகள், தொழிலாளர்களின் கூலி ஆகியவை அதில் அடங்கும். லயக் காம்பறா கடன்பட்டவரின் சொத்தே அல்ல என்பதால் அதைக் கடனுக்காக எடுக்க முடியாது. சேமலாப நிதியையும் கடன்காரர் கைப்பற்ற முடியாது. தவணைக்காக வீட்டுக்குள் புகுந்து தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு போக எந்த வசூல்காரருக்கும் உரிமை இல்லை. அது நீதிமன்றக் கட்டளையோடு, நீதிமன்றத்தின் அலுவலர் செய்ய வேண்டிய வேலை.

மாதச் சம்பளக்காரர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளம் விழும் கணக்கு கடன் கொடுத்த வங்கியிலேயே இருந்தால், அதிலிருந்து கழித்துக்கொள்ளப் படிவத்தில் நாமே சம்மதம் கொடுத்திருக்கலாம்.

கடிதம் வந்தால்

கோரிக்கைக் கடிதம் தீர்ப்பல்ல. அதற்காகப் படுக்கைக்குக் கீழே ஒளித்து வைக்கவும் கூடாது. முதல் வேலை, ஒப்பந்தத்தின் பிரதியையும் கணக்குக் கூற்றையும் எழுத்தில் கேட்பது.

அடுத்தது திகதிகளைப் பார்ப்பது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்தின் மேலான வழக்குக்கு 6 வருடம், எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம், ஈட்டு உறுதிக்கு 10 வருடம் எல்லை. இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ காலம் புதிதாகத் தொடங்கலாம். பழைய கடனுக்கு 'சும்மா ஒரு 500 ரூபா போடுங்க' என்று வசூல்காரர் கேட்பதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம்.

தனியார் வட்டிக்கடன் என்றால் 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உண்மையில் கைக்கு வந்த தொகை, முன்கூட்டியே கழித்த தொகை, வட்டி வீதம் மூன்றும் கடன் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். அளவுமீறிய வட்டி என்றால் கொடுக்கல் வாங்கலை மீண்டும் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

குறித்த தொகைக்குட்பட்ட பிணக்குகளில் பெரும்பாலானவை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முதலில் மத்தியஸ்த சபைக்கு வரும். அழைப்பு வந்தால் போக வேண்டும். அங்கே கட்டாயத்தின் பேரில் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. தவணை பிரித்துக் கேட்கலாம், வட்டியைக் குறைக்கக் கேட்கலாம். இணங்கிக் கையெழுத்திட்ட பிறகு அது நம்மைக் கட்டும்.

நீதிமன்ற அழைப்பாணையை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது. கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வங்கியோ நிதி நிறுவனமோ வழக்குப் போட்டால், நீதிமன்றம் பத்திரங்களைப் பார்த்து முதலிலேயே நிபந்தனைக் கட்டளை ஒன்றைப் பிறப்பிக்கும். குறித்த நாளில் போய், வாதாட அனுமதி பெறாவிட்டால் அதுவே இறுதியாகிவிடும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு. நிதி நிறுவனத்தின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குத் தமிழிலேயே எழுதலாம்.

கையெழுத்துக்கு முன்

ஆறு விடயங்களைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு? என் பொறுப்புக்கு ஓர் உச்ச எல்லை எழுதலாமா? மற்றப் பிணையாளர் யார்? சலுகைகளைத் துறக்கும் வாக்கியம் எங்கே, அதை வெட்டலாமா? தவணை தவறினால் எனக்கு உடனே அறிவிப்பார்களா? தமிழில் விளக்கமும் கையெழுத்திட்ட பிரதியும் தருவார்களா? வாக்கியத்தை வெட்டச் சம்மதிக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்றாலும் எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்று தெரிந்துகொண்டு பொறுப்பேற்கலாம். வெற்றிடம் விட்ட தாளில் மட்டும் எந்த உறவுக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் கதை மத்தியஸ்த சபையில் முடிந்தது. குறைந்த தொகையை இருபது தவணையில் கட்ட இணங்கினோம். மேசன் அண்ணனும் தன் பங்கைக் கட்டுகிறார். நான் கட்டும் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் ஒரு கோவையில் போட்டு வைக்கிறேன். தம்பி மாதம் 3,000 ரூபா கொண்டு வந்து தருகிறான். வாங்கும்போது திகதி போட்டு ஒரு கொப்பியில் இருவரும் கையெழுத்து வைக்கிறோம். முதல் மாதம் அவனுக்கு அது கசப்பாக இருந்தது. "என்னண்ணே, நமக்குள்ளயுமா?" என்றான். நமக்குள்ளே என்பதால்தான் எழுதி வைக்கிறோம் என்று சொன்னேன்.

போன மாதம் பக்கத்து லயத்துப் பிள்ளை ஒருத்தி, குழுக்கடன் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து, "சேர், இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றாள். இருவரும் உட்கார்ந்து கடைசி வரி வரை வாசித்தோம்.